மொட்டைக்கத்தியார் வெட்டிய கொடி

எனக்கு எழுபத்தெட்டு வயது. நான் பெற்றதில் ஏழு, நாத்தனார் விட்டுப்போனதில் இரண்டு, ஆக ஒன்பது பிள்ளைகளை ஆளாக்கினேன். அந்த ஒன்பதையும் ஒரே நேரத்தில் தூக்கத்திலிருந்து எழுப்ப ஒருநாளும் முடிந்ததில்லை. ஒரு கொடியின் அத்தனை மொட்டுகளையும் ஒன்றாக எழுப்பிய மனிதர் ஒருவர் உண்டு. தேவாரத்துக்குக் கிழக்கே எங்கள் ஊரில் இருந்த மொட்டைக்கத்தியார்.

கோயில் தோட்டத்துத் திராட்சைக்குக் கவாத்து செய்கிறவர். பந்தல் நிறையப் படர்ந்த கொடியை ஒரே பகலில் ஓர் இலை இல்லாமல் மொட்டையடித்துவிட்டுத்தான் தண்ணீர் குடிப்பார். அதனால் அந்தப் பெயர்.

நுனி மொட்டு முந்தி விழித்தால் சத்தையெல்லாம் அதுவே குடித்துவிடும், பின்னால் இருப்பவை தூங்கிப்போகும் என்பார். அதற்காக எல்லாக் கிளையிலும் நாலு கணு விட்டு ஒரே நாளில் வெட்டுவார். கொடியோடு நிறுத்தினாரா என்றால் இல்லை. பந்தியில் கடைசி இலையில் சோறு விழும்வரை முதல் இலைக்காரர் கை வைக்கக் கூடாது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் கையையே பிடித்துக்கொண்டு நின்றார். அவர் வீட்டில் முந்தி அடைய வந்த கோழியைத் துரத்திவிடுவார். மற்றக் கோழிகளோடு சேர்ந்து வர வேண்டுமாம்.

பெரியாற்றில் அணை கட்ட ஊரில் பாதிப்பேர் மலையேறிப் போயிருந்த காலம். எனக்குக் கல்யாணமாகி மூன்று வருசம். பிறந்த வீட்டிலிருந்து நான் கொண்டுவந்தது ஒரு திராட்சைக் குச்சிதான். என் அய்யா ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தது. அடுத்த மாசமே அவர் காய்ச்சலில் போய்விட்டார். குச்சி கொடியாகி, மாட்டுக்கொட்டத்தை ஒட்டிப் பந்தலில் படர்ந்தது. ஆனால் அங்கொரு குலை, இங்கொரு குலை. இந்தத் தடவையும் ஒழுங்காகப் பூக்காவிட்டால் வேரோடு பிடுங்கிப் பருத்தி ஊன்றுவேன் என்று மாமனார் சொல்லிவிட்டார். ஓடிப்போய் மொட்டைக்கத்தியாரைக் கூட்டிவந்தேன்.

வெட்டினார். வெட்டுவாயெல்லாம் நீர் சொட்டியது. கொடி அழுகிறதே என்று மாமியாரும் சேர்ந்து அழுதார்.

"அழுகல மதினி, முகங் கழுவுது" என்றார் அவர்.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. அய்யா கொடுத்த கொடி முழுக்க மொட்டையாவதா? அவர் மறுபக்கம் வெட்டிக்கொண்டிருந்தபோது, தளிரோடு இருந்த ஒரு கிளையைக் கொட்டத்துக் கூரைமேல் ஏற்றி, வைக்கோலைப் போட்டு மூடிவிட்டேன்.

பதினைந்து நாள் ஆயிற்று. பந்தலில் எல்லாம் காய்ந்த சுள்ளி போலக் கிடந்தது. கூரைமேல் என் செல்லக் கிளை மட்டும் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டு ஒரு முழம் வளர்ந்திருந்தது. மாமனார் கடப்பாரையை எடுத்தார். செய்தி கேட்டு மொட்டைக்கத்தியார் வந்தார். பந்தலைப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கவாத்தில் குறை சொன்னால் சட்டையைப் பிடிக்கிற மனிதர்.

"ஏங் கத்திதான் தப்பிருச்சு மச்சான். ஒரு கெளைய விட்டுப்புட்டேன். இன்னும் பதினஞ்சு நாளு பொறுங்க."

"ஒமக்கா தப்பும்?"

"வயசாகுதுல்ல."

கூரையில் ஏறி அந்தக் கிளையையும் நாலு கணுவில் வெட்டினார். இறங்கி வரும்போது எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்: "இன்னும் ரெண்டு கை வைக்கல் போட்டிருக்கணும் ஆத்தா. கொடி தெரியுது."

பன்னிரண்டாம் நாள் பந்தல் முழுக்க ஒன்றாக மொட்டு வெடித்தது. பிறகு பூவும் ஒரே வாரத்தில். மாமனார் கடப்பாரையை உள்ளே வைத்தார்.

ஊர் விடவில்லை. "ஏலே, கத்தி தப்புன பெருசு வாராக, காத பொத்திக்கங்க" என்று சாகும்வரை கேலி பேசினார்கள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விடுவார். நான் மருமகளாக இருந்தபோது பயத்தில் பேசவில்லை. மாமியாரான பிறகு கௌரவத்தில் பேசவில்லை. வருசா வருசம் முதல் குலையை அவர் வீட்டுக்கு அனுப்பியதோடு சரி.

அவர் கத்தி ஒருநாளும் தப்பவில்லை. கிளையை மறைத்தவள் நான்.

ஏ மரியா, இங்கன வா. நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை முதலிலிருந்து வாசி. இந்தக் கடைசி வரி வரும்போது மட்டும் வாசலில் போய் நின்று வாசி, தாயி. தெருவுக்குக் கேட்கட்டும்.