இடது கை மீது ஒரு புகார்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் எழுதிக்கொள்வது. இங்கு தங்கள் தங்கை நலம், தையல் மெஷின் நலம், இடது கை நீங்கலாக நானும் நலம். தாங்களும் தங்கள் இரும்புக் கடையும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். கையெழுத்து கோழி கிளறியது போல இருந்தால் பொறுத்தருளவும், எழுதிப் பழக்கம் இல்லை.

விஷயம் இதுதான். என் இடது கை இரண்டு வருடமாக என் பேச்சைக் கேட்பதில்லை. மூளையிலிருந்து கைக்குப் போகும் நரம்பில் கோளாறாம், மாத்திரைக்கு அடங்காதாம், மண்டையில் சின்னதாகத் துளை போட்டு மெல்லிய கம்பி ஒன்றை இறக்கினால் கை பெட்டிப்பாம்பாக அடங்கிவிடும் என்று நரம்பு டாக்டர் சொல்லிவிட்டார். செலவு நான்கு லட்சம். என்னிடம் இருப்பதோ ஒரு மெஷினும் அதற்கு வாங்கிய கடனும்தான். ஆகவே தங்களிடம் கையேந்துகிறேன். ஏந்துவது வலது கை, தைரியமாகக் கொடுக்கலாம்.

அந்த இடது கை செய்யும் அட்டூழியம் கொஞ்சநஞ்சமா? நான் காலர் பித்தானைக் கழுத்தோடு இறுக்கிப் போட்டால் அது கழற்றிவிடும், நான் கத்தரிக்கோலைத் தேடினால் அது அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கும். போன வாரம் பேங்க் மேனேஜர் கோட்டு தைக்க வந்தார். கழுத்தைச் சுற்றி டேப்பைப் போட்டேன், அளவு சரியாக வரட்டுமே என்று கொஞ்சம் இழுத்தேன், இன்னும் கொஞ்சம் இழுத்தேன், முகம் சிவந்து பார்க்க லட்சணமாக இருந்தார், அதற்குள் இந்த இடது கை குறுக்கே பாய்ந்து என்னைப் பிடித்துக்கொண்டது. "யோவ், கோட்டுக்குத்தானே அளவு எடுக்குற?" என்று இருமிக்கொண்டே போன மனிதர் துணியைக்கூடத் திரும்ப வாங்க வரவில்லை. வாய் என்னவோ மன்னிப்புக் கேட்டது. எனக்கு அதில் சம்மதமில்லை.

நேற்று மதியம் தங்கள் தங்கை அசந்து தூங்கிக்கொண்டிருந்தாள். கழுத்தருகே நூல் ஒன்று ஒட்டியிருந்தது. எடுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலோடு புறப்பட்டேன், உடனே இடது கை மேஜைக் காலைக் கட்டிக்கொண்டது. விடுவேனா, இழுத்தேன், மேஜையும் கூடவே வந்தது, சத்தத்தில் அவள் எழுந்து, "என்னங்க, மேஜையை எங்க கூட்டிட்டுப் போறீங்க?" என்றாள். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு எப்படிக் குடும்பம் நடத்துவது? நீங்களே சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன உதவி. டாக்டர் தன் சீட்டில் கைதவறி "வலது கை" என்று எழுதிவிட்டார். எவ்வளவு படித்தும் இடது வலது தெரியவில்லை, பாவம். பணம் கட்டப்போவது தாங்கள்தான், தாங்கள் சொன்னால் கேட்டுக்கொள்வார். அடக்க வேண்டியது இடது கை என்று அவருக்கு இரண்டு வரி எழுதிவிடுங்கள். சீக்கிரம் எழுதுங்கள். அந்தக் கைக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் என் வணக்கமும் ஆசியும். ஒருமுறை நேரில் வந்தால் தங்கள் கழுத்துக்கும் அளவெடுத்து அருமையான சட்டை தைத்துத் தருவேன்.

இப்படிக்கு, என்றும் தங்கள் முன் நீட்டியபடி,
தங்கை கணவன்

பி.கு.: அண்ணா, இது நான், உன் தங்கை. மேலே இருக்கும் எதையும் நம்பாதே. அவர் பிறவியிலேயே இடது கைக்காரர். கல்யாணத்தன்று இடது கையால் கையெழுத்துப் போட்டதற்கு நீதானே அவ்வளவு கேலி செய்தாய்? வெட்டுவது, தைப்பது, எழுதுவது எல்லாமே அவருக்கு அந்தக் கைதான். டாக்டர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார், கோளாறு வலது கையில். இன்று சாப்பிட்டுவிட்டு நாற்காலியிலேயே தூங்கிப் போனார். டம்ளரை எடுக்க வந்தேன், தலை தொங்கியிருக்கிறது, குறட்டை விடுகிறார், வலது கை மட்டும் எழுதிக்கொண்டிருக்கிறது. "இப்படிக்கு" வரும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு நின்று கடிதத்தைப் பிடுங்கினேன்.

பணம் வேண்டும் அண்ணா, கட்டாயம் வேண்டும். ஆனால் டாக்டருக்கு ஒரு வரிகூட எழுதாதே. நானே கொண்டுபோய்க் கட்டிவிடுகிறேன். அவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. வலது கை மேஜைமேல் தடவித் தடவி எதையோ தேடுகிறது. இடது கை என் முழங்கையைப் பிடித்து, மெதுவாக, வாசல் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கிறது.