மாணவர்களாகக் கருதப்படுவர்

புதுச்சேரிக் கல்லூரி ஒன்றில் இளநிலை மாணவர்களுக்கு வேதியியல் கற்பிக்க, நிரந்தர விரிவுரையாளர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும் வைபவம் மே மாதத்தில் நடந்தது. அதே வேதியியலை அங்கேயே பல ஆண்டுகளாகக் கௌரவ விரிவுரையாளராகக் கற்பித்துவந்த அரியாங்குப்பம் ரூபிக்கு, வயது வரம்பின்படி இதுதான் கடைசி வாய்ப்பு.

விதிப்படி, விண்ணப்பித்தவர் மாணவர்கள் முன்னிலையில் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். மாணவர்களோ கோடை விடுமுறையில் இருந்தார்கள். அதற்காக விதியை மீறிவிட முடியுமா? "தேர்வுக் குழுவினரே மாணவர்களாகக் கருதப்படுவர்" என்று ஓர் ஆணை பிறந்தது.

குழுத் தலைவர் ஜானகிராமன் ஆணையை மதிப்பவர். ஒரு காலத்தில் வேதியியல் பேராசிரியர். பிறகு நிர்வாகத்துக்கு உயர்ந்து, வேதியியலிலிருந்து முழு விடுதலை பெற்றவர். நேராகப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பக்கத்தில் அரசுப் பிரதிநிதி நிலவன் மேசைக்கு அடியில் கைபேசியை எடுத்துக்கொண்டார்.

முதலில் வந்த விக்ரம் வண்ண வண்ணமாக ஸ்லைடு காட்டினார். அணுக்கள் சுழன்றன, பின்னணியில் வீணை ஒலித்தது. மாணவர்களாகக் கருதப்பட்டோர் நிம்மதியாகக் கண்ணயர்ந்தனர்.

அடுத்து ரூபி. சாக்பீஸை எடுத்து, அமிலம், காரம், நிறங்காட்டி என்று விளக்கிக்கொண்டே வந்தவரின் கை, தொழில் பழக்கத்தில் பின்வரிசையை நோக்கி நீண்டது.

"கடைசி பெஞ்ச்! அமிலத்துல பினாப்தலின் விட்டா என்ன நிறம் வரும்?"

ஜானகிராமன் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர்தான் இருந்தது.

"என்னையா கேக்குறீங்க? நான் சேர்மன்மா."

"இப்ப ஸ்டூடண்ட் சார். ஆர்டர்ல இருக்கு."

ஆணை என்றதும் எழுந்து நின்றார். "ரோஸ்."

"இப்பதான சொன்னேன்? காரத்துலதான் ரோஸ். பக்கத்துல நீங்க சொல்லுங்க."

"சார் சொன்னதேதான் மேடம்," என்றார் நிலவன்.

"நிறமே வராது. ரெண்டு பேரும் கவனிக்கல. உக்காருங்க."

குழு கூடி ஆராய்ந்தது. மாணவர்கள் தவறாகப் பதில் சொன்னால் கற்றல் விளைவு பூஜ்யம். விளைவு பூஜ்யமானால் கற்பித்தலும் பூஜ்யம். விக்ரம் வகுப்பில் ஒரு தவறான பதில்கூட வரவில்லை. ஆகவே அவருக்கு நூற்றுக்கு நூறு.

"எங்கிட்ட கேக்குற மாதிரியே அவங்ககிட்டயும் கேட்டுட்டியா?" என்றார் வீட்டில் ரூபியின் கணவர் விக்டர்.

"கேள்வி கேக்காம எப்படிங்க பாடம் நடத்துறது?"

"ஒருத்தன் நடத்திட்டானே. வேலையும் வாங்கிட்டான்."

கல்லூரி திறந்தது. இவ்வளவு அழகாக ஸ்லைடு செய்பவரை வகுப்பறையில் வீணடிக்கலாமா என்று விக்ரமைத் தர மதிப்பீட்டுப் பிரிவுக்கு அனுப்பினார்கள். பாடம் எடுக்க ஆள் வேண்டுமே? ரூபியை மறுபடி கூப்பிட்டார்கள், கௌரவமாகவே. விக்ரம் தம் ஸ்லைடுகளைப் பெருந்தன்மையோடு கொடுத்துவிட்டுப் போனார்.

ரூபி விளக்கை அணைத்தார். அணுக்கள் சுழன்றன. ஒரு பெண் மட்டும் கையைத் தூக்கினாள்.

"மேடம், நிறம் ஏன் மாறுது?"

"ஸ்லைடுல இருக்கும்மா. பாத்துக்க."

ஸ்லைடில் இல்லை.

ஆண்டு முடிவில் ஆசிரியர் மதிப்பீட்டுப் படிவத்தில் மாணவர்கள் ரூபிக்கு முழு மதிப்பெண் போட்டார்கள். பெற்றோர் கூட்டத்தில் ஒரு தகப்பனார் எழுந்து கைகூப்பினார்.

"என் பெரிய பையன் உங்ககிட்ட படிச்சப்ப, மேடம் என்ன கேப்பாங்களோன்னு படிச்சுப் படிச்சே இளைச்சுட்டான். சின்னவ நல்லா தேறியிருக்கா மேடம். புத்தகத்தையே தொடுறதில்ல."

அரங்கமே கைதட்டியது. ரூபியும் தட்டினார்.