இடது இன்ஜினும் மாமாவின் எலுமிச்சம்பழமும்

கோலா சிலாங்கூர்,
சனிக்கிழமை காலை.

மதிப்பிற்குரிய அப்பளசாமி மாமா அவர்களுக்கு, அக்காள் மகன் முகுந்தன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், இடது இன்ஜினைத் தவிர. வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவீர்கள் என்பதால் காகிதத்தில் எழுதுகிறேன்.

கடந்த ஞாயிறு நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். என் முதலாளி தன் சொகுசுப் படகை ஒரு நாள் கொடுத்தார். அதன் இரண்டு இன்ஜின்களையும் பராமரிப்பவன் நான். பெண் வீட்டாரை ஏற்றிக்கொண்டு மதியம் பூலாவ் கெத்தாம் தீவில் நண்டு, மாலை கிள்ளான் மரினா படகுத்துறையில் தேநீர், திரும்பும்போது நிச்சயத்துக்கு நாள் குறிப்பது என்று திட்டம். காலையில் இரண்டு இன்ஜின்களையும் குளிர்விக்கும் கடல்நீர் வருகிற வால்வுகளை மூடி, வடிகட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தேன். நீங்கள் கற்பூரத்தோடு வந்தீர்கள். டீசல் இருக்கும் இடத்தில் கற்பூரமா என்றேன், அதைப் படகுத்துறையிலேயே ஏற்றினீர்கள், சரி. தோட்டத்தில் முப்பது வருடம் லோரி ஓட்டியவர், டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் நசுக்காமல் வண்டி எடுத்ததில்லை, அதுவும் சரி. ஆனால் படகுக்கு டயர் இல்லை. "அப்ப பழத்த எங்கடா வைக்கிறது?" என்றீர்கள். "இருங்க மாமா, வேலையா இருக்கேன்லா" என்றேன். "இது என்னா டப்பா?" "கடல் தண்ணி இன்ஜினுக்கு முதல்ல போற இடம்." அதற்குள் பெண் புனிதவதியின் அப்பா தேவதாஸ் அங்கிள் கார் வந்தது, நான் அவசரமாக வடிகட்டிகளை மூடிவிட்டு ஓடினேன்.

ஆற்றுவாயைத் தாண்டி வேகம் கொடுத்ததும் அலாரம் அடித்தது. இடது இன்ஜின் கொதித்தது, அணைத்தேன். வலது இன்ஜின் மட்டும் தள்ளினால் படகு இடப்பக்கமே இழுக்கும். இடப்பக்கம் சேறு, கடல்நீரோ வடிந்துகொண்டிருந்தது. சேற்றில் தட்டி உட்கார்ந்துவிட்டோம். அப்போதுதான் நீங்கள், "அந்த டப்பாக்குள்ள ஒரு பழம் போட்டேன்டா. முதல்ல போற இடம்னு சொன்னியே" என்றீர்கள். மாமா, அது வடிகட்டி, பிள்ளையார் இல்லை. புனிதவதி மட்டும், செரண்டா ஃபேக்டரியில் மீட்டர் பார்க்கிற வேலை, அந்தப் பழக்கமோ என்னவோ, "மாமா எந்தப் பக்கத்துல போட்டாங்க?" என்றாள். எந்தப் பக்கமா இருந்தா என்ன, ரெண்டும் கடல் தண்ணிதான் என்று கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன், கோபத்தில் டப்பாவைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

தண்ணீர் திரும்ப ஏற ஆறு மணி நேரம், மாமா. மணல்திட்டுக்குச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிப் போகிற படகு நம் அருகில் நின்றது. அத்தனை பேரும் நம்மோடு சேர்ந்து படம் பிடித்துக்கொண்டார்கள். நீங்கள் அவர்களுக்குச் சுண்டல் கொடுத்தீர்கள். பட்டு வேட்டியோடு சேற்றில் இறங்கி அந்தப் படகில் ஏறிய தேவதாஸ் அங்கிள் சொன்னது உங்களுக்கும் கேட்டிருக்கும்: "தம்பி, சொந்த இன்ஜினையே பாத்துக்கத் தெரியல. எம்பொண்ண எப்படி பாத்துக்குவீங்க?" நீங்கள் அப்போது வாயைத் திறக்கவில்லை, சுண்டல் இருந்தது.

ஆகவே நாளை ஞாயிறு காலை பத்து மணிக்கு நீங்கள் செரண்டாவில் தேவதாஸ் அங்கிள் வீட்டுக்குப் போய், தவறு என்னுடையது, பையன் வேலை சுத்தம் என்று அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் இந்தக் கல்யாணம் இல்லை. முதலாளிக்கு அறிக்கையும் எழுதிவிட்டேன். காரணம் என்ற இடத்தில் எலுமிச்சம்பழம், எண்ணிக்கை ஒன்று. இனி என் படகுப் பக்கம் எந்தப் பழத்தோடும் வரக்கூடாது.

அத்தைக்கு என் வணக்கம். இன்றே இந்தக் கடிதம் கொண்டுவரும் பையனிடம் உங்கள் முட்டிவலிக்கு எண்ணெயும் கொடுத்தனுப்புகிறேன், இந்தக் கோபத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இப்படிக்கு,
முகுந்தன்

பி.கு.: அறிக்கைக்குப் படம் எடுக்க இப்போதுதான் வடிகட்டிகளைத் திறந்தேன். பழம் வலது பக்கம் இருக்கிறது, முழுதாக. அந்த இன்ஜின் சூடு அன்று அளவைத் தாண்டி ஒரு டிகிரிகூட ஏறவில்லை. இடது பக்கம் பழமும் இல்லை, தண்ணீரும் இல்லை. கழுவும்போது மூடிய வால்வுகளில் வலதை மட்டும் திறந்திருக்கிறேன், இடது மூடியபடியே இருக்கிறது. புனிதவதிக்குப் போன் செய்தேன். "எனக்கு அன்னிக்கே தெரியும். மாமாகிட்ட கேட்டேன், பழம் வலது பக்கம்னாங்க, கொதிச்சது இடது. நீங்களா சொல்றீங்களான்னு பாத்தேன். அப்பாகிட்டயும் நீங்களே வந்து சொல்லுங்க" என்றாள். அறிக்கையைக் கிழித்துவிட்டேன். இந்தக் கடிதத்தையும் கிழித்திருப்பேன், மறுபடி இவ்வளவு எழுதப் பொறுமை இல்லை. நானே நேரில் கொண்டுவந்து தருகிறேன். நாளை காலை ஒன்பதுக்குத் தயாராக இருங்கள், செரண்டாவுக்குச் சேர்ந்தே போவோம், நான் பேசுகிறேன். என் காருக்கு நான்கு டயர் இருக்கிறது. நான்கு பழம் எடுத்து வையுங்கள்.