சூடுதான், வேறொண்ணுமில்ல

முத்துப்பேச்சி ஸ்டூலில் முழுசாக உட்காரக்கூட இல்லை, டாக்டர் சீட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்.

"சூடும்மா. மோர் குடி, எண்ணெய் தேய்ச்சுக் குளி."

"இல்ல சார், ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுது. வெள்ளையும் படுது, வாடை வேற." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரவுக லாரி ஓட்டுதாவ. பம்பாய் வரைக்கும் போயிட்டு வாராவ. அதான், அந்த மாதிரி சீக்கு ஏதும்..."

டாக்டர் பேனாவை மூடினார். "சோலைராஜ்தானே? நெத்தி நிறையத் திருநீறு பூசுற மனுஷன்! குடும்பப் பொம்பளை பேசுற பேச்சாம்மா இது? அடுத்த ஆள் வரலாம்!"

திருநீறு பூசுவது நெற்றியில்தானே சார் என்று கேட்க அவளுக்கு நாக்கு துடித்தது. அதற்குள் அடுத்த ஆள் அவள் மடியில் உட்காராத குறையாக வந்து நின்றுவிட்டான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் சோலைராஜுக்கு முகமெல்லாம் பல். "நான்தான் அப்பவே சொன்னேன்ல? சூடுதான், வேறொண்ணுமில்ல!" ஓடிப்போய் ஒரு குலை இளநீர் வாங்கி வந்து போட்டான். மோர், இளநீர், எண்ணெய்க் குளியல் என்று உடம்பைக் குளிரவைத்ததில் அவளுக்குச் சளி பிடித்துத் தொண்டை கட்டிக்கொண்டது. எரிச்சல் மட்டும் இருந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பொம்பளைக்குப் பொம்பளைதான் புரியும் என்று ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ் ஏறி, லேடி டாக்டரைப் பார்த்தாள்.

"குழந்தை இருக்கா?"

"இல்லம்மா. ஆனா எனக்கு எரிச்சல்..."

"அதான் ஏக்கம். மனசுதான் எரியுது, உனக்கு உடம்பு எரியற மாதிரி இருக்கு. ஒரு பிள்ளையைப் பெத்துக்கோ, எல்லாம் சரியாயிரும்."

ஒரு டானிக்கைக் கொடுத்து அனுப்பிவிட்டார். அந்தக் கண்றாவியைக் குடித்ததும் குமட்டியது. லேடி டாக்டர், டானிக், வாந்தி! தெருவுக்கு வேறென்ன வேண்டும்? மறுநாள் விடியுமுன் மாங்காயும் புளிச்சோறும் வாசலுக்கு வந்துவிட்டன. சோலைராஜ் பால்கோவா வாங்கி வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்தான். அவளுக்கு எரிச்சல் ஒரு பக்கம், வாழ்த்து ஒரு பக்கம்.

"மசக்கையுமில்ல, மண்ணுமில்ல!" என்று வெடித்தாள் முத்துப்பேச்சி. "எனக்குப் பயமா இருக்குங்க. இதை இப்படியே விட்டா பிள்ளையே தங்காதுங்காவ. ரெண்டு பேருமா மதுரைக்குப் போய்க் காட்டிட்டு வருவோம்."

"எனக்கு எதுக்குட்டி ஆஸ்பத்திரி? ரெண்டு டாக்டரு சொன்ன பொறவும் என்னைச் சந்தேகப்படுதியா? சாமி சத்தியமா எனக்கு ஒண்ணுமில்ல!"

அன்று சாயங்காலம் எதிர்வீட்டு ராஜு, தன் பெட்டை நாய்க்குச் சோடி தேடி வந்தவரிடம் கண்டிப்பாகப் பேசிக்கொண்டிருந்தார். "உங்க கடுவனை மொதல்ல மாட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வாங்க. பொம்பளைச் சீக்கு கிக்கு இருந்தா எம் பெட்டைக்கில்ல ஒட்டிக்கிடும்?"

முத்துப்பேச்சிக்கு வயிறு எரிந்தது. கொண்டுவந்து கொடுப்பது ஆம்பளை, பேர் மட்டும் பொம்பளைச் சீக்கு! சரி, பேர் எப்படியோ போகட்டும். இந்த ஊரில் இதையெல்லாம் காதுகொடுத்துக் கேட்கிற ஒரு டாக்டர் இருக்கிறாரே!

மறுநாள் சோலைராஜ் லோடு ஏற்றிக்கொண்டு கிளம்பியதும், வீட்டு நாய் வெள்ளையனைச் சங்கிலியில் பிடித்தாள். அது கடுவன். என்ன செய்ய, வீட்டில் இருப்பது அது ஒன்றுதான். இடுப்பைச் சுற்றி ஒரு சாக்கைக் கட்டி, கால்நடை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"பேர் என்னம்மா?" என்றார் மாட்டு டாக்டர்.

"வெள்ளையம்மா."

"சாக்கு எதுக்கு?"

"கூச்ச சுபாவம் சார்."

டாக்டர் ஒன்றுவிடாமல் கேட்டார். எத்தனை நாளாக? வாடை உண்டா? அடிவயிறு வலிக்கிறதா? அப்பாடா, கேட்க ஒரு ஆள்! அவள் மடை திறந்த மாதிரி கொட்டினாள்.

"சோடி எப்படி? வீட்டோட கிடக்குமா, ஊர் சுத்துமா?"

"பம்பாய் வரைக்கும் போகும் சார்."

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "அப்போ ரெண்டுக்கும் சேர்த்துத்தான் வைத்தியம் பண்ணணும். ஒண்ணை மட்டும் பாத்தா திரும்ப ஒட்டிக்கும்."

"உடம்பு முழுக்கக் கூசுது சார், ராத்திரி தூக்கமில்ல, சோறு வடிக்கக்கூட முடியல..."

டாக்டர் மெதுவாகச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். வெள்ளையன் வாலை ஆட்டியது. அவர் சாக்கைப் பழையபடி இறக்கிவிட்டு, நாற்காலியை அவள் பக்கம் தள்ளினார்.

"உட்காருங்கம்மா. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. மதுரை பெரியாஸ்பத்திரியில இதுக்குன்னே தனியா பாக்குறாங்க. ஆனா வீட்டுக்காரரும் கூட வரணும்."

முத்துப்பேச்சிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "அவிய வரமாட்டாவ சார். தனக்கு ஒண்ணுமே இல்லன்னு சாமி சத்தியம் பண்ணுதாவ."

தரையைக் கூட்டிக்கொண்டிருந்த மாரிசாமி, விளக்குமாற்றோடு வந்து வெள்ளையனை உற்றுப் பார்த்தான்.

"ஏம்மா, போன மாசம் ஐயா லீவுல இருக்கையில, ஒரு லாரிக்காரரு இதே நாயைக் கூட்டிட்டு வந்து, ஒண்ணுக்குப் போனா நெருப்பா எரியுதுன்னு மாத்திரை வாங்கிட்டுப் போனாரே, இன்னுமா இதுக்குக் குணமாகல?"