மலர்க்கொடியின் குழம்பு

அது பங்குனியா சித்திரையா என்று சரியாக நினைவில்லை. குழம்பில் கிடந்தது நெத்திலி மீனா காரப்பொடி மீனா என்பதையும் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஆனால் காட்டுப்பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அன்பரசனின் பேன்ட் கழன்று விழுந்ததை லட்சுமணன் தன் கண்ணாலேயே பார்த்தான்.

"இன்னா மாமு, இப்டி எளச்சுட்ட?"

"பசியே இல்ல மச்சான். தட்டப் பாத்தாலே பேஜாரா கீது."

இருவரும் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர்கள். உண்மையில் இளைக்க வேண்டியவன் லட்சுமணன்தான். எடை குறையாவிட்டால் கிரேனில் ஏற்றமாட்டோம் என்று கம்பெனியில் சொல்லியிருந்தார்கள். சில வாரம் முன்பு டாக்டரம்மா அவனுக்குப் பசியைக் குறைக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார்.

"காலையில ஒண்ணுதான். மாசாமாசம் வந்து பிரஷர் பாக்கணும். வேற யாருக்கும் குடுக்கவே கூடாது."

அந்தக் கண்டிப்பிலேயே லட்சுமணன் பயந்துபோனான். அன்று வீட்டுக்கு வந்து மாத்திரை அட்டையை மனைவி மலர்க்கொடியிடம் வீசினான்.

"பசிய அடக்க நான் இன்னா சாமியாரா?"

அவள் ஒன்றும் பேசவில்லை. மலர்க்கொடி பேசாமல் இருந்தால் ஏதோ முடிவெடுத்துவிட்டாள் என்று பொருள். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் லட்சுமணனுக்கு அது தெரியாது.

கிரேன்காரர்கள் தங்கள் வீட்டுச் சாப்பாட்டைத் தாங்கள் தின்பதில்லை. டப்பாவை மாற்றிக்கொள்வார்கள். லட்சுமணன் டப்பா அன்பரசனுக்கு, அன்பரசன் டப்பா லட்சுமணனுக்கு. அன்பரசன் ஏற்கெனவே பிரஷர்காரன், இப்படிக் காய்ந்தால் என்ன ஆவான் என்று பதறி, ஒரு பருக்கை மிச்சம் வைக்க விடாமல் லட்சுமணன் அவனைத் தின்ன வைத்தான்.

"இன்னும் ரெண்டு வாய் மாமு. அவ கை ருசிக்கு செத்தவனே எந்திரிப்பான்."

அன்பரசனோ தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். மறுவாரம் ஒரு காலையில் நெஞ்சு படபடக்க, கிரேன் படியிலேயே சாய்ந்தான். ராயபுரம் ஆஸ்பத்திரியில் பிரஷர் பார்த்த நர்ஸ், கருவி கெட்டுவிட்டதோ என்று தட்டிவிட்டு மறுபடி பார்த்தார்.

"வேற எதுனா மாத்திர போடுறீங்களா?"

"பிரஷர் மாத்திரைய தவிர ஒண்ணும் கெடையாதும்மா."

மதியம் மலர்க்கொடி, துணைக்கு இருந்த கணவனுக்கு ஆஸ்பத்திரிக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். லட்சுமணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சோற்றைப் பிசைந்தான். முதல் உருண்டையை நண்பனின் வாயருகே கொண்டுபோனான்.

மலர்க்கொடி பாய்ந்து அவன் கையைத் தட்டிவிட்டாள். சோறு சுவரில் போய் அப்பியது.

"இன்னாடி, பைத்தியமா? தெனம் அவன் துன்றதுதானே!"

அவள் முகம் வெளுத்துவிட்டது.

"தெனமுமா? யோவ், நீ முழுங்க மாட்டேன்னுதானே, அந்த மாத்திரைய தெனம் இந்தக் கொழம்புலதான் நுணுக்கிப் போட்டுகினு கீறேன்!"

டாக்டரைக் கூப்பிட நர்ஸ் ஓடினார். அன்பரசன் பிழைத்துக்கொண்டான். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா மூவரையும் நிற்கவைத்துத் திட்டினார். லட்சுமணன் இப்போது மாத்திரையைத் தானே விழுங்கி, மாதம் தவறாமல் பிரஷர் பார்த்துக்கொள்கிறான். மலர்க்கொடி குழம்பில் உப்புப் போடுவதாக இருந்தாலும் அவனிடம் சொல்லிவிட்டுத்தான் போடுகிறாள். அன்பரசன் தன் டப்பாவைத் தானே, சுவரைப் பார்த்து உட்கார்ந்து தின்கிறான்.