பன்னிரண்டாம் நம்பர் முள்

செம்பாக்கம்,
19-2-2007

ஷார்ஜாவில் இருக்கும் அன்பு மச்சான் ஷாகுலுக்கு, உன் அக்கா புருஷன் சௌகத் அலி எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நானும் உன் அக்கா சபீஹாவும் உன் மருமகள் அனமும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். அங்கு உன் உடம்பு நலமாக இருக்கவும், உன் முதலாளிக்கு மனசு இளகவும் அஞ்சு வேளையும் துஆ செய்கிறோம்.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிறேன், சிரிக்காதே. தூண்டில்ல மாட்ட நீ அனுப்புன ரப்பர் மீன்ல ஒண்ணை நான் தின்னுட்டேன். பாக்கெட்டைப் பிரிச்சதும் கம்முனு சோம்பு வாசனை. பச்சையா மினுமினுன்னு வேற இருந்துது. மீனு தனியா அனுப்பியிருப்பே, இது அனமுக்கு வாங்குன ஜெல்லி மிட்டாயின்னு நினைச்சி வாயில போட்டேன். மென்னேன், மென்னேன், அது பாட்டுக்கு அப்படியே கீது. உன் அக்கா உள்ளே வந்து, "இன்னா மெல்றே?"ன்னா. வெத்தலைன்னு சொல்லிட்டேன். வெத்தலைக்கு வால் ஆடுமான்னு கேட்டா. அப்படியே முழுங்கிட்டேன். இதை போன்ல சொல்லலாம்னா போன் ஹால்ல கீது, ஹால்ல அவ கீறா. அதான் லெட்டர்.

ஆனா அதைச் சொல்ல இத எழுதல மச்சான். எதிர்வூட்டு ஏகநாதன் அண்ணன் விஷயம். ரயில்ல பார்சல் கிளார்க்கா இருந்து ரிட்டயர் ஆனாரே, பன்னெண்டு வருசமா ஞாயித்துக்கிழமை காலையில என்கூட ஏரிக்கு வர்றவரு, அவரேதான். ரெண்டு வருசமா நம்ம செம்பாக்கம் ஏரியில ஒரு பெரிய விராலை அவரு பாத்துவச்சிகினு இருந்தாரு. மதகுப் பக்கம் ஆகாயத்தாமரை ஓரமா வந்து நிக்கும், மண்புழு போட்டா திரும்பிக்கூட பாக்காது. அவரு பையன் நாவலூர்ல அடுக்குமாடி வாங்கிட்டான், அடுத்த மாசம் அப்பா அம்மாவைக் கூட்டிகினு போறான். அதுக்கு முன்னாடி அந்த விராலைப் பிடிச்சிடணும்னு இவருக்கு ஆசை. அதுக்குத்தான் உன்கிட்ட ரப்பர் மீனும் தூண்டில் முள்ளும் கேட்டது. ஏர்போர்ஸ் ஆபீசர் ஒருத்தர்கிட்ட இந்த வித்தையை எல்லாம் கேட்டுத் தெரிஞ்சிகினு, ஒரு சீட்டுல முள் நம்பரை எழுதி என் கையில குடுத்தாரு. மூணு, ஒரு சாஞ்ச கோடு, ஒரு சைபர். "இதை அப்படியே ஷாகுல்கிட்ட சொல்லு சௌகத்து, கூட்டாதே குறைக்காதே"ன்னாரு.

நான் சொன்னேனா? சொல்லல. நான் யாரு, தாம்பரம் மார்க்கெட்டாண்ட இருபத்தாறு வருசமா சீட் கவர் தைக்கிறவன். மெஷின் ஊசியில பதினாலு மெல்லிசு, பதினெட்டு தடி, இருபத்தொண்ணு போட்டா ரெக்சினு, கேன்வாஸு எல்லாம் கிழிச்சிகினு போவும். நம்பர் ஏறுனா ஊசி ஏறும், இது தெரியாதவன் தையல்காரனே இல்ல. அம்மாம் பெரிய விராலுக்கு மூணாம் நம்பரா, அதுவும் பக்கத்துல சைபர் போட்ட மூணா, இந்த மனுசன் கஞ்சத்தனத்தை முள்ளுலயும் காட்றாரேன்னு நினைச்சி, உன்கிட்ட போன்ல "பன்னெண்டு அனுப்பு மச்சான், நூறு முள்ளு"ன்னேன். நீ கூட "பன்னெண்டா மச்சான்?"னு ரெண்டு வாட்டி கேட்டே. நான்தான் உன்னை அதட்டினேன்.

முள்ளு வந்துது. கண்ணிமை முடிதான் உதிர்ந்து பாக்கெட்டுல விழுந்துட்சோன்னு இருந்துது. பாக்கெட் பின்னாடி வரிசையா படம் போட்டிருந்தான். பன்னெண்டு இருக்கிறதுலயே சின்னது. நம்பர் இறங்க இறங்க முள்ளு வளருது, ஒண்ணுக்கு அப்புறம் அந்த சைபர் கோஷ்டி ஆரம்பிக்குது, அதுல நம்பர் ஏற ஏற இன்னும் பெருசாவுது. அண்ணன் எழுதுனதுதான் அந்த மீனுக்குச் சரி. அப்பவே ஓடிப்போய் சொல்லியிருக்கணும். நான் இன்னா பண்ணேன், அந்தப் படத்தைக் கிழிச்சி மெஷின் டிராயர்ல போட்டுட்டு, சிரிச்சிகினே முள்ளைக் கொண்டுபோய்க் குடுத்தேன்.

அவரு ரப்பர் மீன்ல கோத்துப் பாத்தாரு. முள்ளு உள்ளே போனதே தெரியல. "டேய், முள்ளோட வளைவு இந்த ரப்பர் உடம்பைத் தாண்டி நிக்கணும்டா, இது வயித்துக்குள்ளயே படுத்துத் தூங்குது"ன்னாரு. "அண்ணே, பாரின்காரன் முட்டாளா? மீனுக்கு முள்ளு தெரியக்கூடாதுன்னு சின்னதா செஞ்சிருக்கான்"னேன். "கண்ணுக்குத் தெரியாம இருக்கட்டும், வாய்க்குமா தெரியக்கூடாது?"ன்னாரு. அப்புறம் மெதுவா, "நான்தான் சீட்டுல தப்பா எழுதிட்டனோ"ன்னாரு. மச்சான், அந்த இடத்துல நான் வாயைத் திறந்திருக்கணும்.

ஞாயித்துக்கிழமை மதகாண்ட அந்த விராலு வந்துது. தொப்புனு ஒரு அடி. அண்ணன் கோலு வில்லா வளைஞ்சுது, அவரு கால் சேத்துல புதைஞ்சுது, "சௌகத்து, புடிச்சிக்கடா"ன்னாரு, நான் அவரு இடுப்பைப் புடிச்சேன். ரெண்டு முழம் தூரத்துல மீனோட தலையைப் பாத்தோம், தேங்கா சைஸு. ரப்பரைக் கவ்விகினு இருந்ததே தவிர முள்ளு அதுக்கு ஏறவே இல்ல. வாயைத் திறந்து துப்பிட்டுப் போயிட்சி. நாங்க ரெண்டு பேரும் மல்லாக்க விழுந்தோம். அவரு எழுந்திரிக்கவே கொஞ்ச நேரம் ஆச்சு.

அதோட விட்டிருந்தா மனுசன். டீக்கடைக்காரரு ஜெரோம், "இன்னாண்ணே, வெறும் கையா?"ன்னு கேட்டப்ப, நான் முந்திகினு, "இவரு நம்பர் போட்ட பார்சலே எந்தெந்த ஊருல இறங்குச்சோ, முள்ளு நம்பர் மட்டும் கரெக்டா வந்துடுமா?"ன்னேன். கடையே சிரிச்சுது. அவரும் சிரிச்சாரு, டீயைப் பாதியில வச்சிட்டுப் போயிட்டாரு. மூணு வாரமாச்சு, ஏரிப் பக்கமே வரல. தூண்டில் கோலு நுனியில அவரு சம்சாரம் வேதா அக்கா துடைப்பத்தைக் கட்டி ஒட்டடை அடிக்குது. "வயசாயிட்சு, நம்பர்லாம் மறந்து போவுது"ன்னு அவரே அந்த அக்காகிட்ட சொன்னாராம். முப்பத்தெட்டு வருசம் நம்பர் எழுதுன கை. கோவப்பட்டுத் திட்டியிருந்தாகூட எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

அதனால நீ ஒரு உதவி பண்ணணும். இது கிடைச்ச அன்னிக்கே அவருக்கு போன் போட்டு, "அண்ணே, நீங்க எழுதுனது சரி, கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான், நானும் பாக்காம அனுப்பிட்டேன்"னு சொல்லு. நான்தான்னு சொல்லிடாதே. உன் பேரு கெட்டா ஷார்ஜாவுக்கு எட்டாது, அவரு போற வரைக்கும் நான் எதிர்வூட்டுல இருந்தாகணும். அவரு நாவலூர் போறதுக்குள்ள சொல்லிடு. இதைப் படிச்சதும் கிழிச்சிப் போடு.

வேளைக்குச் சாப்பிடு, அக்காவுக்கு மறக்காம பேசு. உன் கையில பரக்கத்தும் காலுக்குக் கீழே நல்ல வழியும் இருக்க ரப்பு நாடுவானாக.

இப்படிக்கு,
மச்சான் சௌகத் அலி

பி.கு.: நீ போன் போட வேணாம். இங்கிலீஷ்ல அட்ரஸ் எழுத எனக்கு வராது, அனம்கிட்ட குடுத்தா அவ அம்மா கைக்குப் போயிடும், அதனால கவரை நல்லா ஒட்டி அண்ணன்கிட்டயே எடுத்துகினு போனேன். முள்ளு எவ்ளோ சின்னதுன்னு நீ பாக்க நாலு முள்ளு உள்ளே வச்சிருந்தேன். அவரு கவரைக் கையில தூக்கிப் பாத்து, "உள்ளே இரும்பு கீது, பாக்காம எழுத மாட்டேன்"னு பிரிச்சிட்டாரு. பார்சல் கிளார்க் புத்தி. பிரிச்சவரு ரெண்டு பக்கமும் படிச்சாரு. நான் நின்னுகினே இருந்தேன். முடிச்சிட்டு, "பன்னெண்டா கேட்டே?"ன்னாரு. ஆமான்னேன். "பேமானி"ன்னாரு. மூணு வாரத்துல அவரு என்னைத் திட்டுன முதல் வார்த்தை. அப்புறம் லெட்டர் தலைமாட்டுல அவரே பேனாவால, முதல் சீட்டுல எழுதுன அதே நம்பரை எழுதி அடியில ரெண்டு கோடு போட்டாரு. அதை வாங்கி நாவலூர் அட்ரசுக்கு அனுப்பு, அதையும் அவரே எழுதிக் குடுத்துட்டாரு. அந்தப் பக்கமும் ஏரி கீதாம். என்னைக் கூப்பிடுவாரான்னு கேட்டேன், அவரு லெட்டரை மடிக்க ஆரம்பிச்சிட்டாரு. அப்ப ஒரு முள்ளு அவரு சட்டைப் பாக்கெட்டுல மாட்டிகிட்சி, இழுத்ததுல பாக்கெட்டு கையோட வந்துட்சி. இந்தத் தாள் ஓரத்துல தொங்குற நீலத் துணி அதுதான், திருப்பி அனுப்ப வேணாம். நான் வேற துணியில பாக்கெட்டு வச்சி உடனே தைச்சிக் குடுத்துட்டேன். கை விடுற வாயையும் சேத்து நாலு பக்கமும் தைச்சிட்டேன்.