குளத்தின் மேல் ஒரு நீதி மண்டபம்

ஒரு காட்டில், தீர்மானங்களுக்கு மட்டும் பஞ்சமே இல்லாத ஒரு காட்டில், வெள்ளையம்மா என்ற நண்டு ஒரு சின்னக் குளத்தில் குடித்தனம் நடத்திவந்தாள்.

ஒருநாள் காலையில் யானைகள் வந்து அந்தக் குளத்தில் மண்ணைக் கொட்டின.

"என்னப்பா பண்றீங்க?" என்று பதறினாள்.

"எல்லா உயிருக்கும் சமநீதிச் சங்கம் மண்டபம் கட்டுதும்மா. இடம் இதுதான்னாங்க" என்றது ஒரு யானை, அடுத்த கூடையைக் கவிழ்த்தபடி.

வெள்ளையம்மா சங்கத்துக்கு ஓடினாள். பக்கவாட்டிலேயே ஓடியதில் அரை நாள் போய்விட்டது.

செயலாளர் திலகவதி என்ற புள்ளிமான் வாசலுக்கே வந்து வரவேற்றாள். "வாங்கக்கா! தண்ணியில இருக்கிறவங்க யாருமே சங்கத்துல இல்லையேன்னு எவ்வளவு வருத்தப்பட்டோம் தெரியுமா?"

"அது கிடக்கட்டும் தாயி. என் குளத்தை மூடுறாங்க."

"ஐயோ, அநியாயம்! உடனே மனு குடுங்க."

மனுவின் அடியில் கால்தடம் வைக்க நான்கு கட்டங்கள்தான் இருந்தன. வெள்ளையம்மாவுக்குப் பத்துக் கால். திலகவதிக்குக் கண் கலங்கிவிட்டது. "இது எங்க தப்புக்கா" என்று மன்னிப்புக் கேட்டாள். பத்துக் கட்டம் போட்ட புதுப் படிவம் வர எட்டு நாள் ஆனது. அதற்குள் பாதிக் குளத்தைக் காணோம்.

பிறகு கூட்டம். ஒருவர் விடாமல் கருத்துக் கேட்பது சங்கத்தின் கொள்கை. கொசுவைக் கேட்டார்கள், பூரானைக் கேட்டார்கள். ஓணான் தலையாட்டியது சம்மதமா மறுப்பா என்று ஆராய ஒரு துணைக்குழு போட்டார்கள்.

கடைசியில், குளத்தைக் காக்க வேண்டும் என்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. நிறைவேற்றிய இடம், குளத்தின் மேல் கட்டி முடித்திருந்த புது மண்டபம். வெள்ளையம்மாவை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியதும் ஆளே தெரியவில்லை.

துணிக்கு அடியில் அவளுக்கு முதலில் அழுகை வந்தது. அப்புறம் கோபம் வந்தது. அங்கேயே மண் தரையைத் தோண்ட ஆரம்பித்தாள். மறுநாள் சொந்தபந்தங்களையும் கூட்டிவந்தாள். யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை.

ஐப்பசி மழையில் மண்டபம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, மெல்ல உட்கார்ந்து, தண்ணீருக்குள் போனது. நல்லவேளை, உறுப்பினர்கள் எல்லோரும் வெளியே குழுப்படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

திலகவதி தளும்பும் குளத்தைப் பார்த்தாள். "அக்கா! நம்ம தீர்மானம் நிறைவேறிடுச்சு!" என்று துள்ளினாள்.

"ஆமா தாயி" என்று சொல்லிவிட்டு வெள்ளையம்மா தண்ணீரில் இறங்கினாள்.

நீதி: சங்கம் உங்களை மேடையேற்றினால் மறுக்காதீர்கள், அடியில் மண் இளக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.